லா சப்பலின் தேத்தண்ணிக் கடைகள்

பாரிஸ் நகரின் கார் து நோர் தொடருந்து நிலையத்தை ஒட்டிச் செல்லும் போபூர் சென் தெனி வீதியும் அதனைச் சார்ந்த சிறு தெருக்களும் தமிழர் வழக்கில் லா சப்பல் என்ற ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. 1983ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த இனவன்முறைக்குப் பின் பெருந்தொகையாக வந்த ஈழத்தமிழர், பலசரக்குக் கடை, புடைவைக் கடை, நகைக் கடை ஆகியவற்றோடு, அவர்கள் 'தேத்தண்ணி', 'கோப்பி' என வழங்கும் தேநீரையும் காப்பியையும் வடை, ரோல்ஸ் முதலிய சிற்றுண்டிகளோடு விற்கும் சிறு கடைகளையும் இங்கே நிறுவினர்.

1971இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய, இச்சிறு கடைகளுக்கு நேர்மாறான இயல்புடைய காப்பிக் கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ், பாரிஸில் தன் முதல் கடையை 2004 சனவரியில் திறந்தது. இத்தகைய சங்கிலி நிறுவனம், அதாவது ஒரே பெயரில் பல ஊர்களில் கிளை பரப்பும் நிறுவனம், எங்கு சென்றாலும் ஒரே சுவையை உறுதி செய்கிறது. அறியாத ஊரில் இறங்கும் பயணிக்கு அது பெரிய உதவியே. ஆயினும் அந்த ஒருமையைக் காப்பதற்காகக் கொட்டையின் வறுவல் பதம் முதல் கோப்பையின் அளவு வரை அனைத்தும் தலைமையகத்தில் முடிவாவதால், கிளையில் நிற்பவர் தம் தெருவுக்கேற்ப எதையும் எளிதில் மாற்ற இயலாது. மாறாக, 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆண்டுதோறும் கோடை இறுதியில் இத்தெருக்களில் உலா வரும்போது, கூட்டத்துக்கேற்பக் கூடுதலாக வடை சுடுவதற்கும் விரதகாரருக்கெனச் சைவ உணவை மட்டும் வைப்பதற்கும் தனிக்கடைக்காரர் எவரது ஒப்புதலையும் நாட வேண்டியதில்லை.

விலைக் குறைவும் இக்கடைகளின் வலிமையே. ஆனால் குடும்பத்தினரின் நீண்ட நேர உழைப்பு முழுமையாகக் கணக்கில் சேராத இடங்களில்தான் அந்தக் குறைவு பெரும்பாலும் கைகூடுகிறது என்பதால், அதனை மட்டும் வைத்துச் சிறு கடையைப் போற்றுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதியாகும்.

இவற்றின் உண்மையான மேன்மை வேறிடத்தில் உள்ளது. வீடும் பணியிடமும் போக, மனிதர் தயக்கமின்றிக் கூடிப் பேசும் பொதுவிடத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வெளியிட்ட நூலில் 'மூன்றாம் இடம்' என்று அழைத்தார். சங்கிலி நிறுவனங்களும் இக்கருத்தை விரும்பி ஏற்று, மெத்திருக்கையும் மெல்லிசையும் அமைத்தன. ஆனால் பிரெஞ்சு மொழி அறியாது வந்திறங்கிய ஓர் இளைஞருக்கு, எந்த உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேவை, எவ்வீட்டில் படுக்க இடமுண்டு, அகதிகளுக்கும் நாடற்றோருக்கும் பாதுகாப்பளிக்கும் அரசு அலுவலகமான ஒஃப்ப்ராவிலிருந்து வந்த கடிதத்தை யார் வாசித்துச் சொல்வார் என்னும் செய்திகளே வாழ்வாதாரமாயின. அவை அவருடைய மொழியிலேயே கிடைத்த இடங்களுள் தேத்தண்ணிக் கடை முதன்மையானது. இந்தத் துணையை எத்தகைய உள்ளலங்காரத்தாலும் உருவாக்கிவிட முடியாது.

லா கூர்னெவ் முதலிய புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்ட குடும்பங்கள், அங்கேயும் தமிழ்க் கடைகள் தோன்றியுள்ள போதிலும், வார இறுதியில் சாமான் வாங்க லா சப்பலுக்கு வருகின்றன; மரக்கறிப் பைகளைக் காலடியில் வைத்து, நின்றபடியே தேத்தண்ணி குடித்து, ஊர்ப்புதினம் கேட்டபின் தொடருந்து ஏறுகின்றன.