ஆட்சிப் பணித் தேர்வுக்கு எதைக் கற்பது?

பட்டம் பெற்ற தமிழ் இளைஞர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர். எழுத்துத் தேர்வு என்ற பேச்சு எழுந்ததும், "எந்தப் புத்தகத்தை வாங்கிப் படிக்க வேண்டும்?" என்றே முதலிற் கேட்கின்றனர். கேள்வி இயல்பானதே, விடைதான் அத்துணை எளிதன்று. பள்ளித் தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு, பாடநூல் உண்டு, அதை நடத்த ஆசிரியரும் உண்டு. ஆட்சிப் பணித் தேர்வுக்கோ இன்ன நூல் என்று வரையறுத்துக் கூற இயலாது. நாளை நிருவாக நாற்காலியில் அமர இருப்பவர் இந்நாட்டை எவ்வளவு அறிந்திருக்கிறார், அறிந்ததைக் கொண்டு எவ்வாறு சிந்திக்கிறார், சிந்தித்ததை எவ்வளவு தெளிவாக எழுதுகிறார் என்பவற்றையே அத் தேர்வு அளந்து பார்க்கிறது. ஆகவே, எதைக் கற்பது என்பதோடு எவ்வாறு கற்பது என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

தேர்வின் தோற்றமும் அமைப்பும்

அரசாங்க வேலை சிபாரிசினால் கிடைத்து வந்த காலம் ஒன்று இருந்தது. பிரிட்டனில் 1854ஆம் ஆண்டு வெளிவந்த நார்த்கோட்-டிரவெலியன் அறிக்கை, திறந்த போட்டித் தேர்வின் மூலமே அலுவலர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒருவருடைய பிறப்பும் செல்வாக்கும் அல்ல, தகுதியே அளவுகோல் என்பது அதன் கருத்து. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு முதல் பொதுச் சேவை ஆணையம் இயங்கி வருகிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 139ஆம் விதி அதனை அமைக்கிறது. 144ஆம் விதி அதன் கடமைகளை வகுக்கிறது. நியமனம், பணி உறுதி, பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியன அவற்றுள் அடங்கும். எங்களைப் போன்ற ஆசிரியர்களை நியமிப்பது இவ்வாணையம் அன்று. 141ஏ விதியின் கீழ் அமைந்த கல்விச் சேவை ஆணையமே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். இத்தகைய நுட்பமான வேறுபாடுகளையே தேர்வு கேட்கும்.

பொதுச் சேவையில் பட்டதாரிகள் பெரிதும் விரும்புவது நிருவாக, அரசதந்திரச் சேவையாகும். மலாய் மொழியில் அதனைச் சுருக்கமாக 'பி.டி.டி.' என்பர். அமைச்சுகளிலும் மாவட்ட அலுவலகங்களிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் பணியாற்றுவோர் இச் சேவையைச் சார்ந்தவர்கள். குடியுரிமை, பட்டம், எஸ்.பி.எம். மலாய் மொழிப் பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி ஆகியன இதற்கு அடிப்படைத் தகுதிகள். எழுத்துத் தேர்வு முதல் வாயில் மட்டுமே. அதனைக் கடந்தோர் குழுக் கலந்துரையாடல் முதலிய மதிப்பீடுகளையும் நேர்முகத் தேர்வையும் சந்திக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ள பகுதிகள் நான்கு வகைப்படும்: பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், ஆங்கிலப் பகுதியை வாசித்து உணர்தல், மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை வரைதல். ஒவ்வொரு முறையும் எந்தெந்தப் பகுதி, எவ்வளவு நேரம் என்பதை ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்து முதலில் உறுதி செய்துகொள்வது அறிவுடைமை. ஆழம் அறியாமல் காலை விடுதல் கூடாது.

பொது அறிவு: துணுக்குகள் போதா

பொது அறிவு என்றதும் நம் மாணவர்கள் துணுக்குகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகின்றனர். மக்களவையில் 222 உறுப்பினர்கள், மேலவையில் 70 பேர். மாநிலங்கள் 13, கூட்டரசுப் பிரதேசங்கள் 3. மலேசியா அமைந்தது 1963 செப்டம்பர் 16. சிங்கப்பூர் பிரிந்தது 1965 ஆகஸ்ட் 9. ருக்குன் நெகாரா பிரகடனம் 1970. இவை தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் தனித்தனிச் செங்கற்கள் வீடாகிவிடுமா? ஒரு செய்தி மற்றொன்றோடு எவ்வாறு இணைகிறது என்று அறியும்போதுதான் அது நினைவிலும் நிற்கும். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலும் விடை தோன்றும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விதி. அவ்விதியை இங்கே கையாண்டு பார்ப்போம். நமக்கு நன்கு தெரிந்தது தோட்டத் தமிழ்ப் பள்ளி. அது எப்படி வந்தது? கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று நிருவாகத்தைப் பணித்தது. பின்னர் 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை, 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1961, 1996 ஆகிய ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் ஆகியவற்றின் வழியே அப் பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு பள்ளியின் கதையிலேயே குடியேற்றக் காலத் தொழிலாளர் வரலாறும் சுதந்திரக் காலக் கல்வி வரலாறும் அடங்கிவிட்டன அல்லவா?

இனி அடுத்த படி. அப் பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது கூட்டரசு. பள்ளி நிற்கும் நிலமோ பல இடங்களில் தோட்டக் கம்பெனிக்கு உரியது. ஆதலால்தான் அது பகுதி உதவி பெறும் பள்ளி எனப்படுகிறது. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வேறு நிலம் வேண்டும். பெற்றோர் யாரிடம் செல்வது? இதற்கு விடை அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. அவ்வட்டவணை கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என அதிகாரங்களைப் பிரித்துக் காட்டுகிறது. கல்வி கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. நகர, கிராமத் திட்டமிடல் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே கல்வி அமைச்சு மட்டும் இசைந்தாலும் போதாது, மாநில அரசு மட்டும் இசைந்தாலும் போதாது. ஒரு மனு ஏன் பல மேசைகளைச் சுற்றி வருகிறது என்பது இப்போது விளங்கும்.

அதனோடு நில்லாமல் மேலும் ஒரு கேள்வி எழுப்புக. நிலம் மாநிலத்திற்கு உரியதாயின், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தை நாடாளுமன்றம் எவ்வாறு இயற்றிற்று? மாநிலங்களுக்கிடையே நிலச் சட்டம் ஒரு சீராக இருத்தற்பொருட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என 76ஆம் விதி இடம் தருகிறது. தண்ணீர் விநியோகம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தீபகற்ப மாநிலங்களில் மாற்றப்பட்டதையும் இத்துடன் சேர்த்துப் படித்தால், கூட்டரசு என்னும் அமைப்பு அசையாத பாறையன்று, காலந்தோறும் பேசி வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்பது புலனாகும்.

பொருளாதாரத்தையும் இவ்வாறே கற்க வேண்டும். 1969 மே 13 கலவரத்தின் பின் பிறந்தது 1971 முதல் 1990 வரையிலான புதிய பொருளாதாரக் கொள்கை. வறுமை ஒழிப்பு, சமுதாய மறுசீரமைப்பு என்பன அதன் இரு நோக்கங்கள். மலேசியத் திட்டங்கள் 1966ஆம் ஆண்டில் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒன்றாக வருகின்றன. 2026 முதல் 2030 வரையிலானது பதின்மூன்றாவது. ஒவ்வொரு திட்டத்தின் பெயரையும் ஒப்பிப்பதைவிட, எந்தச் சிக்கலைத் தீர்க்க அது வகுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது பயன் தரும். அயலுறவிலும் அவ்வாறே. ஐந்து நாடுகளுடன் 1967 ஆகஸ்ட் 8இல் பாங்காக்கில் தோன்றிய ஆசியான், 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் திமோர் லெஸ்தேயைப் பதினொன்றாவது உறுப்பாகச் சேர்த்துக்கொண்டது. இடையே யார், எப்போது, ஏன் சேர்ந்தனர் என்று தொடர்ந்து சென்றால் தென்கிழக்காசியாவின் அரை நூற்றாண்டு வரலாறு கைவந்துவிடும்.

சிக்கல் தீர்க்கும் திறன்

விகிதம், விழுக்காடு, அட்டவணை, எண் வரிசை, தருக்கம் ஆகியவற்றை ஒட்டியே இப்பகுதி அமையும். உயர்கணிதம் தேவையில்லை, இடைநிலைப் பள்ளிக் கணிதமே போதும். நேரந்தான் பகை. ஓர் எடுத்துக்காட்டு: மூன்று எழுத்தர்கள் ஒரு வேலையை 8 நாளில் முடிப்பர். நான்கு நாள் சென்றபின் மேலும் ஓர் எழுத்தர் சேர்கிறார். வேலை மொத்தம் எத்தனை நாளில் முடியும்? அவசரக்காரர் மொத்த வேலையையும் நால்வருக்குப் பங்கிட்டு 6 நாள் என்பார். நிதானமாக நோக்குக: மொத்த வேலை 24 ஆள்-நாள், நான்கு நாளில் 12 முடிந்துவிட்டது, எஞ்சிய 12ஐ நால்வர் 3 நாளில் முடிப்பர். ஆகவே விடை 7. நாளொன்றுக்குப் பத்துக் கணக்கு வீதம் கடிகாரத்தை முன்வைத்துப் பயில்பவருக்கு இப்பகுதி அச்சம் தராது.

இரு மொழிக் கட்டுரை

நம் பிள்ளைகளில் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுவே. வீட்டில் தமிழ், ஆரம்பப் பள்ளியில் தமிழ். ஆதலால் மலாய்க் கட்டுரை நமக்கு வராது என்று தாமே முடிவு கட்டிக்கொள்கின்றனர். உண்மையில் தமிழறிவு இங்கே சுமையன்று. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக உள்ளதைத் தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரிக்கிறோம். மலாயிலும் 'கீத்தா' என்பது நாம், 'காமி' என்பது நாங்கள். மற்றவர் தடுமாறும் இடத்தில் தமிழ் மாணவன் இயல்பாகவே சரியாக எழுதுவான். கடை 'கெடாய்' என்றும், கப்பல் 'காப்பால்' என்றும் அம்மொழியில் வாழ்வதையும் நாம் அறிவோம்.

கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. தமிழில் வினைமுற்றே செய்தவர் யார் என்பதைக் காட்டிவிடும். மலாய் அலுவலக நடையிலோ 'டி' என்னும் முன்னொட்டுப் பெற்ற செயப்பாட்டுவினை மிகுதியாக வரும். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பது போன்ற தொடர்களை எழுதும்போது, எடுப்பவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. கட்டுரையில் எந்த அமைச்சு, எந்தத் துறை, எந்த ஊராட்சி மன்றம் என்று குறிப்பிட்டு எழுதுபவரின் விடையே நிருவாகம் அறிந்தவரின் விடையாக நிற்கும்.

'தோட்டத் துறை அயல்நாட்டுத் தொழிலாளரை நம்பியிருத்தல்' என்பது தலைப்பானால் என் செய்வது? தோட்டத்தில் பிறந்தவர் உணர்ச்சி வயப்பட்டு எழுதத் தொடங்குவது இயல்பு. உணர்ச்சி குற்றமன்று, ஆனால் அலுவலர் அதை ஒழுங்குபடுத்திப் பேச வேண்டும். முதலில் நிலைமையைக் கூறுக. அடுத்து காரணங்கள்: கடின உழைப்பு, நகரத்தின் ஈர்ப்பு, செம்பனைக் குலை அறுப்பை இயந்திரமயமாக்குவதிலுள்ள இடர். பிறகு இதுவரை செய்யப்பட்டவை: 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 2013இல் நடைமுறைக்கு வந்து, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம். இறுதியாக உம் பரிந்துரை; அதற்கு ஆகும் செலவு யாரைச் சாரும், அதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதையும் மறைக்காமல் கூறுக. இந்த ஐந்து படிகளையும் எந்தத் தலைப்புக்கும் பொருத்தலாம்.

ஆங்கில வாசிப்புக்குத் தனி வித்தை இல்லை. நாள்தோறும் ஒரு தலையங்கத்தை வாசித்து, அதன் கருத்தை மூன்று வாக்கியத்தில் எழுதுவதே சிறந்த பயிற்சி. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்ட உரை மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் மொழி, பொருளாதாரம், நிருவாகச் சொற்கள் மூன்றும் ஒருங்கே வளரும்.

ஆறு மாதத் திட்டம்

முதல் இரு மாதங்களில் அரசமைப்புச் சட்டத்தையே கையில் எடுத்து வாசியுங்கள். விளக்க நூல்கள் பின்னர் வரட்டும். அடுத்த இரு மாதங்கள் பொருளாதாரத்திற்கும் அயலுறவுக்கும் உரியவை. கடைசி இரு மாதங்களில் வாரம் இரு கட்டுரைகள், மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, நேரம் குறித்து எழுதி, அம்மொழி வல்லார் ஒருவரிடம் திருத்தம் பெறுக. செய்தித்தாள் வாசிப்பும் கணக்குப் பயிற்சியும் ஆறு மாதமும் தவறாமல் நடைபெற வேண்டும். நால்வர், ஐவர் கூடிப் படிப்பது மேலும் நன்று. பின்னர் வரும் குழுக் கலந்துரையாடலுக்கு அதுவே ஒத்திகையாகும்.

"எவ்வளவு படித்தாலும் நமக்குக் கொடுப்பார்களா?" என்னும் பேச்சு நம்மவர் வீடுகளில் உண்டு. இதைக் கேட்டே விண்ணப்பப் படிவத்தைத் தொடாதவர்கள் பலர். அரசமைப்புச் சட்டத்தின் 153ஆம் விதி, மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் பொதுச் சேவையில் இட ஒதுக்கீடு செய்ய வழி வகுக்கிறது. அதே சட்டத்தின் 136ஆம் விதி, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்திலுள்ளோர் எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்று கூறுகிறது. தேர்வு எழுதுவோர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அறிந்து மனம் சோர்தல் ஆகாது. போட்டி கடுமையானது என்பதில் ஐயமில்லை. எனினும் விண்ணப்பிக்காதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வரப்போவதில்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. மேலே கூறிய பள்ளி நிலத்து மனு என்றேனும் ஒரு நாள் ஓர் அலுவலரின் மேசைக்கு வரும். அப்போது தோட்டம் இன்னது, லயத்து வாழ்க்கை இன்னது என்று அறிந்தவர் அங்கே இருப்பாராயின், சட்டத்தை மீறாமலே அம்மனுவின் பொருளை விரைந்து உணர்வார். அத்தகையோரை உருவாக்கும் வேலை பட்டமளிப்பு விழாவுக்குப் பின் தொடங்குவதன்று. ஆறாம் ஆண்டு மாணவன் செய்தித்தாளை விரித்து, "சார், நிலம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்கும்போதே தொடங்கிவிடுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் அக் கேள்வியை அடக்காமல் வளர்ப்பாராக.