லாஸ்ட் எவ்ளோ சார்?

கைமாறும் பொருள்கள் – 7

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் படம் எடுத்து, 9,000 ரூபாய் என்று விலை போட்டு ஓஎல்எக்ஸிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ ஏற்றிவிட்டுப் பாருங்கள். எந்த வருடம் வாங்கியது, எத்தனை லிட்டர் என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். ‘லாஸ்ட் எவ்ளோ?’ என்று ஒற்றை வரி வந்து விழும். அடுத்தவர், ‘ப்ரோ, 4,000 ஓகேவா? இப்பவே வந்து எடுத்துக்கறேன்’ என்பார். இன்னொருவர் ‘இருக்கா?’ என்பார், ‘இருக்கு’ என்று பதில் போட்டதும் காணாமல் போய்விடுவார்.

விளம்பரத்துக்குப் படம் எடுப்பது பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம் பேரம்.

‘லாஸ்ட் எவ்ளோ’ என்று கேட்பவர்மேல் விற்பவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் கோளாறு அந்த ஆளிடம் இல்லை, வரிசை மாறியதில் இருக்கிறது. பொள்ளாச்சி, மணப்பாறை மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் கை துண்டுக்குள் போகும். முதலில் பொருள், அப்புறம் விலை. போனில் இது தலைகீழாகிவிட்டது. பொருளைக் கண்ணால் பார்க்காதவர், பார்க்க வருவாரா என்று தனக்கே தெரியாதவர், கட்டிலில் படுத்துக்கொண்டு கடைசி விலையைக் கேட்கிறார். அதே வரியைப் பத்துப் பேருக்கு அனுப்ப அவருக்குக் காசு செலவில்லை. சந்தைக்கு வந்தவர் அன்றைய கூலியை விட்டு, பஸ் ஏறி வந்தவர்.

ஆகவே விற்பவர்களுக்கு என் முதல் யோசனை: சாட்டில் கடைசி விலையைச் சொல்லாதீர்கள். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். ‘வந்து பாருங்க, பிடிச்சிருந்தா பேசிக்கலாம்’ என்று எழுதினால் போதும். வருகிறவர் வருவார். 7,000 என்று நீங்கள் மனம்விட்டுச் சொல்லிவிட்டால், வாசலுக்கு வரும்போது அதுதான் அவருக்கு ஆரம்ப விலை. 9,000 என்ற எண்ணை யாரும் மறுபடி நினைக்கக்கூட மாட்டார்கள்.

வாசலில் நடப்பதுதான் உண்மையான பேரம். வந்தவர் ஃப்ரிட்ஜ் கதவைத் திறப்பார், மூடுவார், பின்பக்கம் குனிந்து கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்பார்.

“மேல துரு இருக்கே மேடம்.”

“அதான் போட்டோலயே போட்டிருக்கேனே தம்பி.”

“கேஸ்கெட் வேற லூசா இருக்கு. மாத்தணும்னா செலவு ஆகும். கேஸ் ஃபில் பண்ணி எவ்ளோ நாளாச்சு?”

“சரி, நீங்க எவ்வளவு தருவீங்க?”

இந்தக் கடைசிக் கேள்வி வந்துவிட்டால் விற்பவர் தோற்றுவிட்டார். ஏன் அந்தக் கேள்வி வாயில் வருகிறது? அன்று மதியம் அவர் எங்கும் போகாமல் வீட்டில் காத்திருக்கிறார். கேட்ட மற்றவர்களை ‘ஒருத்தர் வர்றார்’ என்று நிறுத்தி வைத்திருக்கிறார். புது ஃப்ரிட்ஜ் வந்து ஹாலில் வழியை அடைத்து நிற்கிறது. வாங்க வந்தவருக்கும் பாரம் உண்டு. கீழே குட்டி யானைக்கு வாடகை பேசி நிறுத்தியிருக்கிறார். வெறும் வண்டியோடு திரும்பினால் அது தண்டம். இந்த இரண்டு பாரத்தில் எது கனமோ அந்தப் பக்கம்தான் விலை சாயும். வண்டியைக் கூடவே கொண்டுவருகிறவர் வாங்க வந்தவர். பைக்கில் தனியாக வருகிறவர் குறைக்க வந்தவர். இது என் கணிப்பு, சில சமயம் பொய்க்கும்.

பார்க்காத பொருளுக்கு அடிமாட்டு விலை கேட்பதில் பொருளாதாரமும் உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத குறைக்கும் சேர்த்து வாங்குபவர் விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கச் சம்மதிக்காமல் விலகிவிடுகிறார். மிஞ்சுவது ஓட்டை உடைசல். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். துருவைப் படத்தில் காட்டிய மேடத்துக்கு வாசலில் துருவுக்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காட்டாத கேஸ்கெட்தான் அடித்தது.

விளம்பரத்தில் போடும் எண்ணும் பேசும். இபே தளத்தில் நடந்த பேரங்களை ஆராய்ந்து பேக்கஸ், பிளேக், ததேலிஸ் என்ற மூவர் 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூறு டாலரின் மடங்காக முழு எண்ணில் விலை போட்ட பொருள்களுக்கு, அதை ஒட்டிய சில்லறை எண் போட்டவற்றைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவாகவே விலை கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி 6 முதல் 11 நாள் முன்னதாக வந்தது. முழு எண் போட்டவர் அவசரத்தில் இருக்கிறார் என்று எதிராளி எடுத்துக்கொள்கிறார். நம் ஊரில் இதற்கு எண்கூடத் தேவையில்லை. ‘வீடு ஷிஃப்ட் பண்றோம், அர்ஜென்ட் சேல்’ என்று நாமே எழுதிவிடுகிறோம்! மாதக் கடைசியில் அப்படி எழுதியவரிடம் வாங்குபவர் பேசவே வேண்டாம், முப்பதாம் தேதி வரை சும்மா இருந்தால் போதும்.

அதே தளத்தை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு, இரண்டு பக்கமும் கடைசியாகச் சொன்ன விலைகளின் நடுவில் முடிப்பதை மனிதர்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்கிறது. ‘உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்’ என்று நம் கடைக்காரர் முடிப்பாரே, அதுதான். 9,000 சொல்பவரிடம் 6,000 கேட்டால் 7,500-இல் நிற்கும். 4,000 கேட்டால் கணக்குப்படி 6,500. நடைமுறையில் பதிலே வராது. வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, காரணத்தோடு குறையுங்கள். ‘டயர் ரெண்டும் மாத்தணும், இன்ஷூரன்ஸ் முடிஞ்சிருக்கு’ என்றால் ஸ்கூட்டர்காரர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ‘கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க’ என்பது கணக்கில் வராது. செல்போன் என்றால் பேரத்துக்கு முன்பே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். திருட்டு போனுக்கு எந்த விலையும் அதிகம்தான்.

இவ்வளவு பேரத்துக்கும் நடுவில் ஒருவர் வருவார். ‘9,000தானே, ஓகே சார், பொருளைப் பார்க்க வேண்டாம், அட்வான்ஸ் இப்பவே அனுப்பறேன்’ என்பார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். மனம் குளிரும். அப்புறம் க்யூஆர் கோடு ஒன்று வரும். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்பார். உண்மையில் வாங்க வருகிறவர் ஐம்பது ரூபாயாவது குறைத்துக் கேட்பார். பேரமே பேசாதவரிடம்தான் சந்தேகப்பட வேண்டும். யுபிஐயில் தனிநபர் தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் தந்திரம் நிற்கவில்லை. பணம் பெற யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள்; தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.