அக்கம்பக்கம் ஒரு மைல்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் செப்டம்பர் மாதம் கோதுமை பழுத்து நிற்கும். விதைத்தவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அல்லது விதைப்பு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி யாரிடமும் வாய்விட்டு உதவி கேட்டிருக்க மாட்டார். ஒருநாள் காலை, பயிரில் பனி காய்ந்த நேரம், மண்சாலையில் புழுதி எழும்பும். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பைன் என்ற அறுவடை இயந்திரங்கள், அவற்றின் பின்னால் தானிய லாரிகள். சாயங்காலத்துக்குள் வயல் மொட்டை. மதியச் சாப்பாட்டுக்குப் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டால் அதுவே பந்தி. டீசல் காசு என்று யாராவது பேச்செடுத்தால் வந்தவர்களுக்குக் கோபம் வரும்.

இதில் டீசல் பெரிய செலவே இல்லை. வந்தவர்களின் வயலும் அதே வாரம்தான் பழுத்திருக்கிறது. நாளை மழை பிடித்தால் கோதுமையின் தரம் இறங்கும், விலையும் கூடவே இறங்கும். வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரு வெயில் நாளை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

உலக விவசாயிகள் பற்றி எழுதச் சொன்ன ஆசிரியர் என்னிடம் எதிர்பார்த்தது கோதுமைக் கடலும் ராட்சத டிராக்டரும். எனக்கு இந்த ஒரு நாளைத் தாண்டிப் போக முடியவில்லை.

இதன் வேர் குடியேற்றக் காலத்தில் இருக்கிறது. 1872-ல் கனடாவில் வந்த நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது காட்டினால் பட்டா. (அதற்கு முன் அந்த மண் யாருடையது என்பது தனிக்கதை, பூர்வகுடிகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.) உக்ரைனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்தவர்கள் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் மைல் கணக்கில் தள்ளித் தள்ளிக் குடியேறினார்கள். குளிர் மைனஸ் நாற்பதுக்கு இறங்கும் ஊரில், அடுத்த வீட்டுக்காரன் நல்லவனா கெட்டவனா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அந்தப் பழக்கத்திலிருந்துதான் பெரிய காரியங்களும் பிறந்தன. 1915-ல் சார்னியா என்ற கிராமப்புற நகராட்சி, ஊர் டாக்டர் கிளம்பிவிடாமல் இருக்க வரிப்பணத்திலிருந்து அவருக்கு 1,500 டாலர் கொடுத்தது. மெக்கிலப் நகராட்சியின் தலைவராக இருந்த மாத்யூ ஆண்டர்சன், நார்வேயிலிருந்து வந்த விவசாயி. ஊரார் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் போதும், வைத்தியம் பொதுச்செலவு என்று பல வருஷம் மன்றாடி, 1939-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1962-ல் மாகாணம் முழுவதற்கும் பொது மருத்துவக் காப்பீடு வந்தது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. கனடாவின் பெருமையாகச் சொல்லப்படும் அந்தத் திட்டத்துக்கு முதல் கணக்கு எழுதியவர்கள் கோதுமை விதைத்தவர்கள்.

இன்றும் அந்த விவசாயி வயலோடு நிற்பதில்லை. தீயணைப்புப் படையில் சம்பளமில்லாத ஆள் அவர்தான். பிள்ளைகளின் ஹாக்கி மைதானத்தில் ராத்திரி தண்ணீர் அடித்து ஐஸ் உறைய வைப்பவரும் அவர்தான். அறுவடை முடிந்தபின் ஊர் மண்டபத்தில் நடக்கும் விருந்துக்கு, வான்கோழியும் உக்ரைன் கொழுக்கட்டையும் வேகிற அடுப்புப் பக்கம் அவர் மனைவியைப் பார்க்கலாம்.

நம் அடுக்களைக்கும் அந்த விவசாயிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் மசூர், மைசூரில் விளைவதல்ல. கணிசமாக சஸ்காட்சுவானிலிருந்து கப்பலேறி வருகிறது. கோதுமையை மட்டும் நம்பியிருந்த மண்ணில் 1970-களில்தான் இந்தப் பருப்பினம் வேரூன்றியது. 1978-ல் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் ஆல் ஸ்லிங்கார்ட் வெளியிட்ட ‘லேர்ட்’ ரகம் அதற்கு வழிவிட்டது. 2017 டிசம்பரில் இந்தியா இந்தப் பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டது. டெல்லியில் போட்ட கையெழுத்து அந்த விவசாயி வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரை போய்த் தட்டும்.

ஆனால் என் கவலை விலை இல்லை. 1936-ல் அந்த மாகாணத்தில் 1,42,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள். சராசரி 400 ஏக்கர். 2021-ல் சுமார் 34,000 பண்ணைகள். சராசரி 1,700 ஏக்கரைத் தாண்டிவிட்டது. நிலம் ஒரு அடி குறையவில்லை, விளக்கெரியும் வீடுகள்தான் குறைந்தன. தண்டவாளத்தோரம் நின்ற மர தானியக் கிடங்குகள் இடிக்கப்பட்டன. அவற்றோடு தபால் நிலையம் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. பெரிய பண்ணைதான் கட்டுப்படியாகும், விளைச்சலும் கூடியிருக்கிறது என்பவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கில் ஐஸ் உறைய வைக்கும் ஆளுக்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

2021-ல் கனடா விவசாயியின் சராசரி வயது 56. மகள் நகரத்தில் நர்ஸ், மகனுக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை என்று ஆகிவிட்டால், நிலத்தை விலைக்கு வாங்க வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே நிறைய நிலம் வைத்திருப்பவர்.

மழை பொய்த்தாலும் ஆலங்கட்டி அடித்தாலும் அந்த மண்ணில் எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: “அடுத்த வருஷம்.” ஒரு கம்பைன் இன்று செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே நேர்கோட்டில் ஓடுகிறது. பழைய இயந்திரங்கள் பல சேர்ந்து அறுத்த வயலை இப்போது நாலே நாலு அறுத்துவிடும். அடுத்த முறை ஒருவர் படுத்துவிட்டால் அந்த நாலு வந்தால் போதும். அக்கம்பக்கத்தில் மிச்சமிருப்பதும் அந்த நாலு வீடுதான்.