பாறையில் ஒட்டியிருப்பது உயிர்ச்சுவடா, உயிரா?

தோப்பூர், மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் திருகோணமலைக் கரைகளுக்குப் போய்வந்ததும் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைக் காட்டி என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது பாடப்புத்தகத்தில் உள்ள திரிலோபைற்றா?" படத்தில் இருப்பது ஓடு ஓடாக அடுக்கிய முதுகுடன் பாறையோடு பாறையாகக் கிடக்கும் நீள்வட்டமான ஒன்று. அது கல்லாகிப்போன எதுவும் அல்ல, உயிருள்ள கைற்றன்.

திரிலோபைற்றுகள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய்விட்டன. அவை மூட்டுக்கால் கொண்ட விலங்குகள். கைற்றனோ சங்கு, மட்டி, கணவாய் ஆகியவற்றின் உறவு. ஆனாலும் அதன் வம்சமும் மிகப் பழையது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டு பழமையான கைற்றன் சுவடுகள் கிடைத்திருக்கின்றன. பார்ப்பவருக்குப் பழங்காலத்து விலங்கு என்று தோன்றுவதில் தவறில்லை.

அடையாளம் காண்பது சுலபம். முதுகில் உள்ள ஓடுகளை எண்ணுங்கள். கைற்றனுக்கு எட்டு ஓடுகள். அவற்றைச் சுற்றித் தோல் போன்ற ஒரு பட்டி இருக்கும். திரிலோபைற்றுக்கோ உடல் நீளவாக்கில் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும், தலைப்பகுதியும் தனியாகத் தெரியும். கைற்றனின் அடியில் கால்கள் இல்லை, தட்டையான ஒற்றைப் பாதமே உண்டு. அதனால்தான் அலை அடித்தாலும் அது பாறையை விடுவதில்லை. பிடுங்கினால் மரவட்டையைப் போலச் சுருண்டுகொள்ளும்.

அது பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. அதற்கு உதவும் நுண்பற்களின் முனையில் மக்னடைற்று என்ற இரும்புக் கனிமம் பூசியிருக்கிறது. காந்தக்கல்லில் இருப்பதும் அதே கனிமம்தான். கல்லையே சுரண்டினாலும் அந்தப் பற்கள் எளிதில் தேய்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கோணேசர் கோயில் நிற்கும் பாறை உட்படத் திருகோணமலையின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவற்றில் எந்த உயிரின் சுவடும் மிஞ்ச வாய்ப்பில்லை. இலங்கையில் கடல் உயிரினங்களின் சுவடுகளைத் தேட வேண்டுமானால் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் பகுதிகளின் சுண்ணக்கல்லுக்குத்தான் போக வேண்டும். ஆகவே நமது கரும்பாறையில் ஏதாவது ஒட்டியிருந்தால், அது இன்றோ அண்மைக் காலத்திலோ வாழ்ந்த உயிரே என்று முதலில் நினையுங்கள்.

மணற்கரையிலும் இதே குழப்பம் வரும். நடுவில் ஐந்து இதழ்ப் பூ வரைந்ததுபோன்ற வெள்ளை வட்டத் தட்டு, மணல் டொலர் எனப்படும் கடல் முள்ளி வகையின் வெற்று ஓடு. சிறு நட்சத்திரக் குழிகள் நிறைந்த வெண்கல், கரையொதுங்கிய முருகைக்கல். இவையும் பெரும்பாலும் பழஞ்சுவடுகள் அல்ல.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கல் என்று நினைத்துப் பிடுங்குவதால் ஓர் உயிர் சாகிறது. நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசமில்லை. அலை விளிம்பை நம்பி வாழும் உயிரினங்களுக்குக் கிடைப்பது ஓர் ஒடுங்கிய பட்டைதான். அங்கிருந்து சிலவற்றை எடுத்தாலும் இழப்புத் தெரியும். முருகைக்கல்லைக் கரையிலிருந்து அகழ்வதும் சேர்ப்பதும் சட்டப்படி குற்றமுமாகும்.

எடுப்பவருக்கும் ஆபத்து உண்டு. அழகிய கோலங்கள் கொண்ட கூம்புச் சங்குக்குள் உயிர் இருந்தால், அது நஞ்சூட்டிய ஊசிபோன்ற பல்லால் குத்தும். அந்த இனத்தில் ஒன்று மனிதரைக் கொன்றதும் உண்டு. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

எனவே கையை வைக்குமுன் சற்றுப் பொறுங்கள். ஓடுகளை எண்ணுங்கள், பட்டியைப் பாருங்கள், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். அடையாளம் சொல்ல அந்தப் படமே போதும். கைற்றன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.