தற்குறிப்பு வழி வரைகலை வடிவமைப்புக் கற்பித்தல்

தற்குறிப்பு வழி வரைகலை வடிவமைப்புக் கற்பித்தல் என்பது, பேச்சுவழக்கில் பயோடேட்டா அல்லது ரெசுமே எனப்படும் தற்குறிப்பை மாணவரே உருவாக்குவதன் மூலம் எழுத்துரு, இடைவெளி, வரிசை, நிறம் ஆகியவற்றைக் கையாளப் பழக்கும் முறையாகும். சுவரொட்டிப் பயிற்சியில் பெரும்பாலும் உள்ளடக்கத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கும். தற்குறிப்பில் செய்தி மாணவருடையது, இடம் ஒரு பக்கம், வாசிப்பவர் வேலை தருபவர் என மூன்றும் முன்பே அமைந்துவிடுகின்றன.

காரைக்கால் மாணவர்களுக்கான தேவை

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. காவிரிப் படுகையில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ, புதுச்சேரி நகருக்குத் தெற்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம். 2010இல் தொடங்கிய தேசிய தொழில்நுட்பக் கழகம், ஔவையார் அரசு மகளிர் கல்லூரி, அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி முதலியவை இங்குள்ளன. சென்னை, பெங்களூரு போன்ற தொலைவூர்களில் வேலை தேடும் மாணவருக்கு முன்பாக அவரது தாள் அங்கே போய்ச் சேர்கிறது.

முதல் பாடம்: வரிசை

1482ஆம் ஆண்டளவில் லியொனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கு எழுதிய கடித வரைவு, தற்குறிப்பின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் பாலம், பீரங்கி முதலிய போர்க்கருவித் திறன்களே முதலில் வருகின்றன, ஓவியம் இறுதியில்தான். படிப்பவரின் தேவையே வரிசையை முடிவு செய்தது.

ஆயத்த வார்ப்புருக்களில் இம்முடிவை வேறொருவர் முன்பே எடுத்துவிடுகிறார். பலவற்றில் ‘பணி அனுபவம்’ என்ற பெரிய கட்டம் முதலில் நிற்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவி அதை வெறுமையாக விட்டால், தம்மிடம் எழுத எதுவும் இல்லை என்றே எண்ணக்கூடும். தலைப்புகளை அவரே அமைத்தால் கல்லூரிச் செயல்திட்டம், நாட்டு நலப்பணித் திட்டம், குடும்பக் கடையில் கணக்குப் பார்த்தது ஆகியவை உரிய இடம் பெறும். இல்லாததைச் சேர்க்காமல் இருப்பதைத் தெளிவாகக் காட்டுவதே வடிவமைப்பின் வேலை.

எழுத்தும் இடமும்

ஏ4 தாளின் அளவு 210 × 297 மி.மீ. பெயர், தலைப்பு, செய்தி என மூன்று எழுத்தளவுகள் பெரும்பாலும் போதும். தொடர்புடைய வரிகளை நெருக்கியும் பிரிவுகளை விலக்கியும் வைத்தால் கோடுகளும் கட்டங்களும் தேவைப்படா. தமிழ் எழுத்துகளின் கொக்கிகளும் சுழிகளும் மேலும் கீழும் நீள்வதால், தமிழ் வரிகளுக்குக் கூடுதல் இடைவெளி தேவை.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறியில் எழுதி, எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாக அனுப்புவது இதைத் தவிர்க்கும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் படமாக ஒட்டிய எழுத்தையும் சிக்கலான பத்திகளையும் தவறாகப் படிக்கக்கூடும்.

பெயரும் ஒரு வடிவமைப்புச் சிக்கலே. தமிழ்ப் பெயரின் தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும், மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராகவும் இருக்கலாம். மதிப்பெண் சான்றிதழில் உள்ள வடிவத்தையே தாள் முழுவதும் பின்பற்றுவது குழப்பத்தைக் குறைக்கும். திருமணக் குறிப்பில் இடம்பெறும் சாதி, மதம், தந்தையின் தொழில் ஆகியவை இங்கு வேண்டியதில்லை.

வகுப்பறைப் பயிற்சி

முதலில் அலங்காரமின்றிச் செய்திகள் மட்டும் எழுதப்படும். அடுத்து, காரைக்கால் துறைமுக அலுவலகத்துக்கு ஒன்று, மென்பொருள் நிறுவனத்துக்கு ஒன்று என அவை இரு தாள்களாக வரிசைப்படுத்தப்படும். பின்னர் சக மாணவரிடம் தாளைப் பத்து நொடி காட்டி மறைத்து, நினைவில் நின்றவை கேட்கப்படும். முக்கியமானது விடுபட்டால் அளவோ இடமோ மாற்றப்படும். கடைசியாக, ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைப் படி எடுக்கப்படும். திரையில் அழகாக இருந்த மஞ்சள் எழுத்து அப்படியில் மங்கிவிடும்.

மதிப்பீட்டில் அழகைவிட, ஒவ்வொரு தேர்வுக்கும் மாணவர் கூறும் காரணமே முதன்மை பெறுகிறது. இவ்வாறு பழகிய வரிசை, இடைவெளி, சீர்மை ஆகியவை பின்னர் அழைப்பிதழ், அறிவிப்பு, கடைப் பலகை எதை வடிவமைத்தாலும் பயன்படும்.