துருப்பிடித்த சில்லு நட்டைக் கழற்றும் வகை



மாட்டுவண்டியிலே ஊர்ப்பயணம் செய்த காலத்தில், சில்லு கழன்று ஓடிவிடாமற் காத்தது ஒரு சிறிய கடையாணி. இன்று காருக்கும் வானுக்கும் லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் அந்தக் காவலைச் செய்பவை, நான்கு முதல் பத்து வரையான நட்டுகள். பாடநூல்கள் இவற்றைச் சுரைகள் என்று கூறும். கடையாணியைச் சிறுவனும் தட்டிக் கழற்றிவிடுவான். நட்டு அவ்வாறன்று. அதிலும் மன்னார்த் தீவிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய கரையோர ஊர்களிலும் ஓடுகின்ற வண்டிகளின் நட்டுகள், வேண்டிய வேளையிலே அசைய மறுப்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி.

இதனைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடுதல் கூடாது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகர வைத்தியசாலை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஏற்றிவரும் வண்டிக்கு வழியிலே காற்றுப் போய்விட்டது என்று கொள்வோம். மாற்றுச் சில்லு இருக்கிறது; ஆளும் இருக்கிறார்கள்; ஆனால் ஒரு நட்டு மட்டும் அசையவில்லை. அப்பொழுது அந்த ஒரு நட்டே ஓர் உயிருக்கும் வைத்தியருக்கும் இடையிலே நிற்கிறது. ஆகையால் இது ஏன் நேர்கிறது, எவ்வாறு கழற்றலாம், எவ்வாறு தடுக்கலாம் என்ற மூன்றையும் முறையாகப் பார்ப்போம்.

முதலிலே காரணம். மன்னார்த் தீவு ஒடுங்கி நீண்ட நிலம். எங்கே நின்றாலும் கடல் சில கிலோமீற்றருக்குள் இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். அதன் வலிமையை நம்பியே 2020ஆம் ஆண்டில், தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் தொடக்கிவைக்கப்பட்டது. காற்றாலையைச் சுழற்றுகின்ற அதே காற்று, அலைநுரையின் நுண்துளிகளையும் சுமந்துவந்து நம் வண்டிகளின்மீது படியவிடுகிறது. தென்மேற்குப் பருவத்திலே ஈரவலயத்து ஊர்களில் அடிக்கடி மழை பெய்து இவ்வுப்பைக் கழுவிவிடும். நமது பகுதியோ வரண்ட வலயம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலே பெய்துவிடுகிறது. எனவே படிந்த உப்பு, கழுவுவாரின்றிப் பல மாதங்கள் நட்டின் அடியிலேயே தங்கிவிடுகிறது.

இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் போதும். உப்பு அவ்வினையை விரைவுபடுத்துகிறது. காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பிலே கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு அதனினும் குறைந்த ஈரத்திலே நீரை இழுக்க வல்லது. ஆகவே மழையில்லாத இரவிலும் நட்டு நனைந்தே இருக்கிறது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதனால், மின்னிரசாயன வினையாகிய துருப்பிடித்தல் மும்முரமாக நடைபெறுகிறது. அங்ஙனம் பிறந்த துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டின் புரிக்கும் புரியாணியின் புரிக்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளியிலே அது புகுந்து, ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடுகிறது.

காற்று கொண்டுவரும் உப்பு போதாதென்று நாமும் உப்பைச் சேர்க்கிறோம். கரைவலை இழுக்கவும் படகை ஏற்றவும் செல்லும் உழவு இயந்திரங்கள் அலையிலேயே சில்லை நனைக்கின்றன. மீன் ஏற்றும் லொறிகளிலிருந்து உப்புக் கலந்த ஐஸ் நீர் சொட்டிக்கொண்டே வருகிறது. இவ்வண்டிகளுக்கே நட்டுத் தொல்லை மிகுதி.

இனி, கழற்றும் முறை. வண்டியைச் சமனான, இறுகிய நிலத்தில் நிறுத்துக. கைத்தடையை இழுத்து, கழற்றாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து அணைகொடுக்க. மணலிலே நிறுத்த நேர்ந்தால் ஜாக்கியின் கீழே தடித்த பலகை ஒன்றை இடவேண்டும். நட்டுகளைத் தளர்த்தும் வேலை முழுவதும், சில்லு நிலத்தை ஊன்றியிருக்கும்போதே நடைபெறல் வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியிலே பலத்தைக் காட்டினால், வண்டி சரிந்து ஆளை நசுக்கிவிடும்.

அடுத்து, எத்திசையிலே திருப்புவது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலான நட்டுகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே கழலும். ஆனால் பழைய லொறிகள் சிலவற்றின் இடப்புறச் சில்லுகளில் புரி மாறி இருக்கும். அவை கடிகாரத் திசையிலே கழலும். இதை அறியாதார் மேலும் மேலும் இறுக்கிவிட்டு, துருவைக் குற்றம் சொல்வர்.

பின்பு கம்பித் தூரிகையாலே புரியாணியின் முனையில் உள்ள மணலையும் துருவையும் தேய்த்து அகற்றுக. துருவை ஊடுருவும் எண்ணெயைச் சிறிது இட்டுக் காத்திருக்க. கடைகளில் இன்று பரவலாகக் கிடைக்கும் டபிள்யூ டீ 40 என்பது, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலே, ஏவுகணையின் வெளித்தகட்டை ஈரத்திலிருந்து காப்பதற்கு ஏற்ற கலவை ஒன்றைத் தேடி 40ஆவது முயற்சியிலே பெறப்பட்டது என்பர். அவ்வெண் பெயரிலே நிலைத்துவிட்டது. துருவை ஊடுருவுவதற்கென்றே செய்த எண்ணெய் கிடைத்தால் அது மேலும் நன்று. எதுவும் இல்லாதவிடத்துச் சிறிது டீசலும் ஓரளவு உதவும். எந்த எண்ணெயாயினும் தடைத்தட்டிலே தெறியாமற் பார்த்துக்கொள்க. தெறித்தால் தடை பிடியாது. இவ்வெண்ணெய்களின் பயன் உடனே விளைவதில்லை. அரைமணி நேரமாவது விடவேண்டும். முதல்நாள் மாலையிலே இட்டு மறுநாட் காலையிலே தொடங்குதல் இன்னும் நன்று. இடையிடையே நட்டின் முகத்தைச் சுத்தியலால் அளவாகத் தட்டினால், அதிர்ச்சியினாலே துரு வெடித்து எண்ணெய்க்கு வழிவிடும்.

ஸ்பனர் நட்டின் ஆறு பக்கங்களையும் முழுமையாகப் பற்றவேண்டும். தளர்வான ஸ்பனர் நட்டின் மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். அதன்பின் பிடிப்பதற்கே இடமிராது. அடுத்ததாக வருவது, பள்ளியிலே படித்த நெம்புகோல் விதி. சிறிய கார் ஒன்றின் நட்டை ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்குவர். 40 சென்ரிமீற்றர்ப் பிடியிலே இதற்கு ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். துருவினாலே அது மும்மடங்கானால் 75 கிலோகிராம், கையால் ஆகாது. அதே பிடியில் இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி 1 மீற்றர் ஆக்கினால் 30 கிலோகிராம் போதும். ஒருவர் தனித்தே செய்துவிடலாம்.

எதிர்த்திசையிலே கழலும் நட்டுக்கு, பிடி இடப்பக்கம் நீட்டி நிற்குமாறு ஸ்பனரை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துக. ஏறிக் குதித்தல் கூடாது; ஸ்பனர் நழுவினால் முழங்கால் முறியும், புரியாணியும் ஒடியும். அசையாவிட்டால் முதலிலே சற்று இறுக்கும் திசையிலே திருப்பி, பின்பு தளர்த்துக. முன்னும் பின்னும் மாறிமாறி அசைத்தால் துரு நொறுங்கும். ஒரு நட்டு மட்டும் பிடிவாதஞ் செய்யுமாயின், மற்றவற்றை முற்றாகக் கழற்றிவிடாமல் மீண்டும் இறுக்கி வைத்துக்கொண்டு அதனை முயல்க. அண்டை நட்டுகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதனாலே அதன் இறுக்கம் சற்றுக் குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சூடேற்றினால் நட்டு விரிந்து கழலும் என்பது உண்மையே. ஆயினும் காற்றடைத்த டயர் பூட்டியுள்ள சில்லிலே தீச்சுடரைக் காட்டுதல் ஒருபோதும் கூடாது. வெப்பத்தினாலே டயரின் உட்புற இறப்பர் சிதைந்து, எரியும் வாயுவாகிக் குண்டைப்போல் வெடிக்கும். இவ்வாறு பல நாடுகளிலே தொழிலாளர் மாண்டிருக்கின்றனர். எண்ணெய் தோய்ந்த நட்டு தீப்பற்றவும் கூடும். நட்டின் மூலைகள் தேய்ந்துபோயினும், புரியாணி முறிந்தாலும், அங்கே நிறுத்தி அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

நட்டுகள் யாவும் கழன்ற பின்னும் சில வேளைகளிலே சில்லு குடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அலுமினியச் சில்லுகளில் இது மிகுதி. அப்போது நட்டுகளை விரலால் பூட்டி அரைச்சுற்றுத் தளர்த்தி, ஜாக்கியை இறக்கிச் சில அடி தூரம் மட்டும் மெல்ல முன்னும் பின்னும் உருட்டினால் ஒட்டு விடும். தூக்கிய வண்டியின் சில்லை உதைத்தல் ஆகாது.

இனித் தடுக்கும் வகை. நட்டை இறுக்க நாம் செலவிடும் முறுக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வை வெல்லவே போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்கே சில்லைப் பற்றிப் பிடிக்கிறது. இவ்வுண்மையிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. துரு உராய்வைக் கூட்டுவதால், பலமெல்லாம் துருவோடு போராடவே கழிகிறது. உண்மையான இறுக்கம் குறைந்திருந்தும் நாம் அறிவதில்லை. மாறாக, கழலுவதற்கென்று புரியிலே தாராளமாகக் கிறீஸ் பூசினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கத்தில் புரியாணி அளவுக்கு மிஞ்சி இழுபடும். ஆகவே வண்டி செய்தவர் நூலிலே வேறு கூறாதவிடத்து, புரியைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைப்பதே முறை. மெல்லிய கிறீஸ் பூச்சைக் குடத்தின் நடு விளிம்பு சில்லின் நடுத்துளையோடு பொருந்தும் இடத்திலே மட்டும் இடலாம். காற்றுத் துப்பாக்கியாலே அளவின்றி இறுக்குவோரிடம், முறுக்கமானி ஸ்பனரால் சரிபார்க்குமாறு கேளுங்கள். எதிரெதிர் நட்டுகளாக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. சித்திரையில் தென்மேற்குக் காற்று தொடங்குமுன் ஒருமுறை, ஐப்பசியில் மழை பிடிக்குமுன் ஒருமுறை, ஒவ்வொரு சில்லின் நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்துத் துடைத்து மீண்டும் இறுக்குங்கள். கடலோரம் சென்ற நாளில் சில்லுகளை நன்னீரால் கழுவுங்கள். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மணி நேரமுமே. மாற்றுச் சில்லில் காற்று இருக்கிறதா என்பதையும், ஸ்பனரும் குழாயும் வண்டியில் இருக்கின்றனவா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளலாம். நட்டைக் கழற்றுவதற்கு உரிய வேளை, ஆபத்து வந்த இரவு அன்று. ஆபத்தில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையே.