இடித்த 'பப்'புக்கு போட்டோ சாட்சி! பழைய படத்தை வைத்து கட்டிடத்தைப் பிடிக்கும் துப்பறியும் வேலை

ஒரு பழைய போட்டோ. கறுப்பு-வெள்ளை. தெருமுனையில் ஒரு மது விடுதி. வாசலில் தொப்பி போட்ட நாலு பேர். பின்னால் ஏழெட்டு மாடி செங்கல் கட்டிடம். அதற்கும் பின்னால் புகை கக்கும் புகைபோக்கி. படத்தைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு எழுத்து கூட இல்லை.

எந்தத் தெரு? எந்த மில்? எந்த வருடம்?

இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் நகரில் இதைக் கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நூலகத்திலும், வீட்டுப் பெட்டிகளிலும் இந்த மாதிரி படங்கள் ஏராளமாகக் கிடக்கின்றன. படத்தில் உள்ள கட்டிடங்களில் பல இன்று இல்லை. ஆகவே இது பிணத்தை அடையாளம் காட்டச் சொல்வது போன்ற வேலைதான். தடயம் தேட வேண்டும். சாட்சி தேட வேண்டும். பொய் சாட்சியும் வரும்! அதை நம்பினால் கேஸ் போச்சு.

மில்லா, குடோனா, ஜெயிலா?

மான்செஸ்டர் என்றால் பஞ்சு, நூல், துணி. நம்ம கோவைக்கு "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பட்டம் வந்ததே அந்த ஊரை வைத்துத்தான். அங்கே ஆன்கோட்ஸ் என்று ஒரு பேட்டை. முர்ரே சகோதரர்கள் 1798-ல் அங்கே மில் கட்ட ஆரம்பித்தார்கள். நீராவி எஞ்சினில் ஓடிய மில். பக்கத்திலேயே மெக்கானல்-கென்னடி கம்பெனியின் மில்கள். ராச்டேல் கால்வாய் ஓரமாக எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதே செங்கல், அதே மாதிரி ஜன்னல். இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தி, யார் அண்ணன் யார் தம்பி என்று கேட்ட மாதிரிதான்!

விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஜன்னலைப் பார்க்கிறார்கள். சின்னச் சின்ன ஜன்னல் என்றால் பழைய மில். சுவரே தெரியாத அளவுக்குப் பெரிய ஜன்னல் என்றால் 1900-ஐ ஒட்டி வந்த மில். மாடி மேல் மாடியாக இருந்தால் நூல் நூற்கும் இடம். ஒரே தளத்தில் கூரை மட்டும் ரம்பப் பல் மாதிரி இருந்தால் நெசவுக் கூடம்.

அப்புறம் உச்சியைப் பார்க்க வேண்டும். மில் மூலையில் கோபுரம் மாதிரி எழும்பி, அதில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? பஞ்சு மில்லில் ஒரு பொறி பறந்தால் போதும், அவ்வளவும் சாம்பல். தீப்பிடித்ததும் தானாகத் தண்ணீர் கொட்டும் "ஸ்பிரிங்ளர்" குழாய்களுக்கான தொட்டி அது. மான்செஸ்டர்காரரான வில்லியம் மேத்தர் இந்தச் சாதனத்தின் உரிமையை அமெரிக்காவில் இருந்து வாங்கியது 1883-ல். அதன் பிறகுதான் இந்தக் கோபுரங்கள் பரவின. ஆக, கோபுரமும் தொட்டியுமாக நிற்கும் மில்லைக் காட்டி, "இது 1850-ம் வருடப் படம்" என்று யாராவது சொன்னால், அது பொய் சாட்சி.

ஊர் நடுவே போர்ட்லண்ட் தெருவில் ராஜா அரண்மனை மாதிரி ஒரு கட்டிடம் உண்டு. அரண்மனையும் இல்லை, மில்லும் இல்லை. வாட்ஸ் கம்பெனியின் துணி குடோன்! 1856-ல் கட்டி முடித்தார்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு பாணி. துணி வாங்க வரும் வியாபாரி வாசலிலேயே அசந்துபோக வேண்டும் என்று பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அது ஓட்டல் ஆகிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. படத்தில் தூரத்தில் ஒரு உயரமான கோபுரம் தெரியும். மில் புகைபோக்கி என்று நினைக்கத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அது ஸ்டிரேஞ்ச்வேஸ் ஜெயில்! 1868-ல் வந்த அந்த ஜெயிலில் காற்றோட்டத்துக்காக 234 அடி உயரத்தில் ஒரு கோபுரம் வைத்தார்கள். பார்க்க மசூதி மினார் போல இருக்கும். அதே பகுதியில்தான் போடிங்டன் பீர் ஆலையின் புகைபோக்கியும் இருந்தது. 2010-ல் அதை இடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே படத்தில் சிக்கினால் அதிர்ஷ்டம்தான். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பார்த்தாலே, போட்டோ பிடித்தவர் எங்கே நின்றார் என்று தெரிந்துவிடும்.

அதிலும் ஒரு வில்லங்கம். அந்தக் காலத்து கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டால் ஊரே இடம் வலமாக மாறிவிடும்! கடைப் பலகை இருந்தால் எழுத்து திரும்பியிருப்பது தெரியும். பலகை இல்லாவிட்டால்? ஆட்களின் கோட்டைப் பார்க்க வேண்டும். ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வந்தால் படம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

வருடத்தைப் பிடிக்க வானத்தைப் பார்த்தால் போதும். மான்செஸ்டரில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1901-ல். கடைசி டிராம் ஓடியது 1949 ஜனவரி 10-ந் தேதி. தண்டவாளம் இல்லாமல் கம்பியில் ஓடும் டிராலி பஸ் 1938 முதல் 1966 வரை. டிராமுக்கு மேலே ஒரு கம்பி. டிராலி பஸ்சுக்கு இரண்டு. கம்பியை எண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

வாசல்படி மேலே பெயர்

மில்லைக் கூட கண்டுபிடித்துவிடலாம். "பப்" விஷயம்தான் திண்டாட்டம். பப் என்பது நம்ம ஊர் டீக்கடை மாதிரி, ஜனங்கள் கூடிப் பேசும் மது விடுதி. மில் கேட்டுக்கு எதிரே ஒன்று, தெருமுனையில் ஒன்று என்று இருக்கும். இத்தனை எப்படி முளைத்தது?

1830-ல் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு 2 கினி கட்டினால், யார் வேண்டுமானாலும் சொந்த வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றார்கள். நீதிபதியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. விடுவார்களா? வீட்டு முன் அறையில் இரண்டு பெஞ்சைப் போட்டு பீப்பாயைத் திறந்துவிட்டார்கள்! 1869-ல்தான் அதிகாரம் மறுபடி நீதிபதிகள் கைக்கு வந்தது. அப்புறம் 1904-ல் இன்னொரு சட்டம். ஒரே தெருவில் அளவுக்கு மேல் இருந்த கடைகளை நஷ்டஈடு கொடுத்து மூடினார்கள். மூடிய கடை மறுபடி வீடாகிவிட்டது. அதனால்தான் படத்தில் இருக்கும் பப் பல இடங்களில் பின்னால் வந்த வரைபடத்தில் இருக்காது.

ஆனால் பப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. லைசென்சுக்காரரின் பெயரை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். கதவுக்கு மேலே, பொடி எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பெயரைப் படித்துவிட்டால் ஆள் மாட்டிக்கொண்டார்! ஊரில் உள்ள கடைக்காரர், தொழிலாளி பெயர்களை எல்லாம் தெருவாரியாகப் போட்ட "ஸ்லேட்டர்" டைரக்டரி அந்தக் காலத்திலேயே இருந்தது. அதைப் புரட்ட வேண்டியதுதான். ஒரு வருடப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறது, சில வருடம் கழித்து வந்த புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது என்றால், படம் அந்த இடைவெளிக்குள் பிடித்தது.

அடுத்தது வரைபடம். அரசாங்க சர்வே வரைபடத்தில் பப் இருந்தால் "பி.ஹெச்." என்றும், வெறும் பீர் கடை என்றால் "பி.எச்." என்பது போலக் குழப்பமாக இல்லாமல் "பீர் ஹவுஸ்" என்பதன் முதல் எழுத்துகளாகவும் குறித்திருப்பார்கள். அதைவிட உபகாரம் செய்வது இன்சூரன்ஸ் வரைபடம். கோட் என்பவரின் கம்பெனி 1880-களில் இருந்து தீ இன்சூரன்சுக்காக நகரங்களை வரைந்து கொடுத்தது. எந்தக் கட்டிடம் செங்கல், எது மரம், எத்தனை மாடி, உள்ளே என்ன தொழில் என்று அத்தனையும் அதில் இருக்கும். இன்சூரன்ஸ்காரன் கண்ணுக்குத் தப்புமா!

நகர்ந்துபோன பப்

இவ்வளவும் செய்த பிறகும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மான்செஸ்டரில் "ஓல்டு வெலிங்டன்" என்று ஒரு பப். 1552-ல் கட்டியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருக்கும். ஒரு காலத்தில் பைரம் என்ற குடும்பத்தின் துணிக்கடை. (அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜான் பைரம் ஒரு ஷார்ட்ஹேண்ட் முறையைக் கண்டுபிடித்தவர். நம்ம குமாஸ்தாக்கள் கவனிக்க!)

பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் உள்ள இடத்துக்குப் போனால் பப் இருக்காது. அதற்காக இடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினால் தப்பு. அது நகர்ந்துவிட்டது!

நடந்தது இதுதான்:- 1970-களில் சுற்றிலும் புதுக் கட்டிடங்கள் வந்தபோது, இந்தப் பப்பை அப்படியே 4 அடி 9 அங்குலம் மேலே தூக்கினார்கள். பிறகு 1996-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி ஐ.ஆர்.ஏ. தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. 200 பேருக்கு மேல் காயம். யாரும் சாகவில்லை. ஊர் நடுப்பகுதி நாசமானது. பப்பும் சேதம் அடைந்தது. புதிதாகத் திட்டம் போட்டபோது, பப்பைத் துண்டு துண்டாகக் கழற்றி, சற்றுத் தள்ளி சர்ச் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த "சின்க்ளேர்ஸ்" விடுதியும் கூடவே போனது. முன்பு ஒட்டி நின்ற இரண்டும் இப்போது மூலைமட்டமாக நிற்கின்றன. ஆகவே பழைய படத்தில் பப் இருக்கிறதே என்று இன்றைய இடத்தை எழுதி வைத்தால், படத்தில் உள்ள மற்ற கடைகள் அத்தனைக்கும் தப்பான விலாசம்தான் கிடைக்கும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1960-களில் ஹூல்ம் என்ற பகுதியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத் தெருத்தெருவாக இடித்தார்கள். 1972-ல் அங்கே பிறை வடிவத்தில் பிரமாண்டமான அடுக்குமாடி வீடுகள் வந்தன. 1990-களில் அதையும் இடித்தாகிவிட்டது. அங்கே பிறந்தவர் திரும்பிப் போனால் தெருவும் இல்லை, தெருவின் வளைவு கூட இல்லை. அப்பா குடித்த பப், அம்மா வேலை பார்த்த மில் எல்லாம் படத்தில்தான். அந்தப் படத்துக்கும் விலாசம் இல்லை என்றால் என்ன செய்வது?

அடையாளம் தெரிந்த படம் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை லண்டன் காட்டியது. அங்கே கில்பர்ன் பகுதியில் "கார்ல்டன் டாவர்ன்" என்ற பப், 1921-ல் கட்டி முடித்தது. 2-வது உலகப்போரில் சுற்றிலும் குண்டு விழுந்தபோதும் தப்பியது. அந்த இடத்தை வாங்கிய ஒரு கம்பெனி, இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்ட அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தினருக்குச் சந்தேகம். பழங்காலக் கட்டிடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பிடம் சொன்னார்கள். அந்த அமைப்பினர் வந்து மூலைமுடுக்கெல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஓடுகளை அச்சு எடுத்து வைத்தார்கள். பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதி புல்டோசர் வந்தது. அனுமதி கிடையாது. பப் தரைமட்டம்!

ஜனங்கள் கொதித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை நோட்டீசு கொடுத்தது. "இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டு" என்று உத்தரவு. கம்பெனி அப்பீல் செய்தது. 2016-ல் விசாரணை முடிந்து, நகரசபை பக்கமே தீர்ப்பு வந்தது. எப்படி இருந்தது என்று தெரியாதே என்று சொல்லித் தப்பிக்க வழி இல்லை. போட்டோவும் அச்சும் இருந்தன. வாசல் எங்கே, பலகை எங்கே, ஓடு என்ன நிறம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள்.

2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ந் தேதி பப் மறுபடி திறந்தது. கொரோனா கட்டுப்பாடு இருந்ததால் அன்றைக்கு யாரையும் உள்ளே உட்கார விடவில்லை. வந்தவர்கள் வெளியே உட்கார்ந்து, புதுக் கட்டிடத்தைப் பார்த்தபடி குடித்துவிட்டுப் போனார்கள்.